துளைக்கு முன் கோடு

செங்கல்பட்டு மாவட்டத்தில் கல்பாக்கத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடையில், கடலைவிட்டுச் சற்று உள்வாங்கி, அணுசக்தித் துறை ஊழியர்களுக்காக எழுந்த குடியிருப்பு அணுபுரம். கிழக்கே கடலோரத்தில் அணுமின் நிலையம், வடக்கே மாமல்லபுரம். இவ்வளவு சிறிய பரப்பில் இத்தனை சட்டக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த இடம் தமிழ்நாட்டில் அதிகமில்லை. 1992 ஜூனில் வந்த தொல்லியல் அறிவிக்கை, பாதுகாக்கப்பட்ட ஒவ்வொரு நினைவுச்சின்னத்தைச் சுற்றியும் 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கு அப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வரையறுத்தது. கட்டுமானத்துக்கு மட்டுமல்ல, சுரங்க வேலைக்கும் சேர்த்தே அந்தக் கோடு. அதற்கு முந்தைய ஆண்டு, 1991இல், கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டரைத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டது. அணு உலைக்கோ தனி வட்டங்கள்: ஆள் குடியிருக்கவே கூடாத விலக்கு வளையம் 1.5 கிலோமீட்டர் (2014 திருத்தத்தில் இது ஒரு கிலோமீட்டராகக் குறைந்தது), மக்கள்தொகை பெருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய வளையம் 5 கிலோமீட்டர், அவசரகாலத் திட்டத்துக்கு 16 கிலோமீட்டர்.

இந்த மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. மூன்றிலும் கோடு முதலில் வருகிறது, வேலை பிறகு வருகிறது. இந்த இடத்தில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள், எது கெட்டால் திரும்பாது என்று கேட்டுவிட்டுத்தான் மண்வெட்டியை எடுக்கலாம் என்பது அவற்றின் உள்ளுறை. கனிமச் சட்டம் இதற்கு நேர்மாறாக வளர்ந்திருக்கிறது. அங்கே முதலில் துளை போடுவார்கள். கோடு எங்கே, பக்கத்தில் யார் என்ற கேள்வி கடைசியில் வரும், வந்தால். ‘தேடுவது வேறு, தோண்டுவது வேறு, தேடுவதால் யாருக்கும் கேடில்லை’ என்ற நம்பிக்கைதான் இதற்கு அடிப்படை. பாதுகாக்கப்பட்ட பொது நிலத்தைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை தவறு என்பது என் வாதம். அதற்கான சாட்சியங்களில் பலமான ஒன்று சுரங்கத் துறையிடம் இல்லை, அணுசக்தித் துறையின் சொந்த நடைமுறையிலேயே இருக்கிறது.

கல்லைத் தேடிப் பார்ப்பது என்றால் என்ன என்று மாமல்லபுரத்துப் பாறைகளே காட்டும். சுற்றுலாப் பயணிகள் படமெடுக்காத பாறைகளில், வரிசை பிடித்தாற்போல் சிறுசிறு செவ்வகக் குழிகள் தெரியும். கல்லைப் பிளக்க ஆப்பு அடித்த குழிகள். ஒரு வரிசை முழுவதும் வெட்டி, ஆப்பை இறக்கி, எல்லாவற்றையும் ஒரே சீராகத் தட்டினால் விரிசல் குழிக்குக் குழி ஓடிப் பாறை இரண்டாகும். சில இடங்களில் பாறை பிளந்து, பாதிக் குழிகள் வெட்டுமுகத்தில் பல்வரிசைபோல் நிற்கின்றன. சில இடங்களில் குழி மட்டும் இருக்கிறது, பிளவு இல்லை. வேலை நடுவில் நின்றுபோயிருக்கிறது. எல்லாக் குழிகளும் பல்லவர் காலத்தவை அல்ல. பின்னாளில் கல்லுடைத்தவர்களின் கைவேலையும் கலந்தே கிடக்கிறது. சிற்பத்துக்காகக் கல்லைத் தட்டிப் பார்த்தவர், விற்பதற்காகக் கல்லைப் பிளந்தவர் இருவரின் தடமும் ஒரே பாறையில் ஒன்றுபோலவே இருக்கிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. முதல் குழி விழும்போது அது எந்த நோக்கத்துக்கு என்று பாறைக்குத் தெரியாது. 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்தத் தொகுதியைச் சுற்றிக் கோடு போட்டவர்கள், ‘சோதித்துப் பார்க்க மட்டும் அனுமதி’ என்று ஒரு வாசலைத் திறந்து வைக்கவில்லை.

கடற்கரை மணலின் கதை வேறு வழியில் போனது. ஜெர்மானிய வேதியியலர் ஷோம்பெர்க், அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்த மணவாளக்குறிச்சியில் 1909இல் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். ஏற்றுமதியான தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவரை அங்கே இழுத்து வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அன்று யாருக்கும் அணுவைப் பற்றிய நினைப்பில்லை. வாயு விளக்கின் வலைத்திரிக்கு மோனசைட்டில் உள்ள தோரியம் தேவைப்பட்டது, அவ்வளவே. மின்விளக்கு வந்ததும் அந்தச் சந்தை படுத்தது, வெள்ளைச் சாயத்துக்காக இலுமனைட் முன்னுக்கு வந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் தோரியம் திடீரென்று அரசாங்க ரகசியமாகிவிட்டது. 1950இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம், 1952இல் ஆலுவாயில் மோனசைட் ஆலை, 1956இல் கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு இணைப்பு, 1962இல் அணுசக்திச் சட்டம். விளக்குத்திரி வியாபாரமாகத் தொடங்கிய மணல் ஐம்பதே ஆண்டுகளில் நாட்டின் பாதுகாப்புப் பொருளாக மாறியது. கல்பாக்கம் கரையிலும் மோனசைட் திட்டுகள் உண்டு; அங்கே எடுத்த இயற்கைக் கதிரியக்க அளவீடுகளில் அது பதிவாகியிருக்கிறது. ஆனால் கல்பாக்கத்தில் யாரும் மணலைக் கேட்கவில்லை. தோரியத்தைக் கேட்பவர்கள் இங்கே இருக்கிறார்கள், மணல் இருக்கும் ஊர்கள் தெற்கே முந்நூறு மைலுக்கும் அப்பால் இருக்கின்றன.

தேடலுக்கான விதிகள் எப்படித் தேய்ந்தன என்பதை ஆண்டுவரிசையில் பார்த்தால்தான் அதன் போக்கு புரியும். 1994இல் வந்த முதல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் பெருங்கனிமங்களைத் தேடுவதையே முன்கூட்டி இட அனுமதி பெற வேண்டிய திட்டங்களின் பட்டியலில் வைத்திருந்தது. அதாவது, பெரிய பரப்பில் தேடுவதும் ஒரு தலையீடுதான் என்று அன்றைய அதிகாரிகள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். 2006 அறிவிக்கையில் துளையிடாத தேடலுக்கு விலக்கு வந்தது. 2009 திருத்தத்தில் ‘துளையிடாத’ என்ற நிபந்தனையும் போய், கனிமத் தேடலுக்கு மொத்தமாக விலக்கு. 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகள் பொது விசாரணை தேவைப்படாத வகைக்கு மாற்றப்பட்டன. காவிரிப் படுகை கொதித்தது. 2023 மழைக்காலக் கூட்டத்தொடரில் இரண்டு திருத்தங்கள் கைகோத்து வந்தன. வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், மத்திய அரசு விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, காட்டுக்குள் நடக்கும் கனிம ஆய்வை ‘காடு அல்லாத பயன்பாடு’ என்று கருத வேண்டியதில்லை என்றது. கனிமச் சட்டத் திருத்தம், முக்கிய மற்றும் உத்திசார் கனிமங்களின் ஏலத்தை மத்திய அரசின் கைக்குக் கொண்டுபோனது. 2025 செப்டம்பரில் ஒரு அலுவலகக் குறிப்பாணை, அணுக் கனிமங்களையும் முக்கியக் கனிமங்களையும் வெட்டியெடுக்கும் திட்டங்களுக்கே பொது விசாரணை வேண்டாம் என்று முடித்துவிட்டது. தமிழக முதல்வர் அதைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். முப்பது ஆண்டுகளில் தேடலுக்கான கேள்வி போய், தோண்டலுக்கான கேள்வியும் போனது. கடலோர அறிவிக்கையைச் சொல்லவே வேண்டாம்: மணலையும் பாறையையும் எடுக்கத் தடை விதித்த 1991 வாசகத்திலேயே, வேறெங்கும் கிடைக்காத அரிய கனிமங்களுக்கு விதிவிலக்கு இருந்தது. எந்த மணலைக் காக்க வேண்டுமோ அந்த மணலுக்கே விலக்கு.

‘தேடல் என்பது நாலு அங்குலத் துளை, அதற்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?’ என்று கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. கடற்கரை மணலில் அணுக் கனிம இயக்ககம் துளையிடும் முறை உண்மையிலேயே எளியது. கைத்துளைப்பானை இறக்கி, ஆழத்துக்கு ஆழம் மணலை எடுத்து, அடர்ந்த திரவத்தில் போட்டால் சாதாரண மணல் மிதக்கும், கனமான தாது அடியில் தங்கும். பிறகு காந்தத்தை வைத்துக் கருப்பு இலுமனைட்டையும் சிவப்புக் கார்னெட்டையும் மஞ்சள் மோனசைட்டையும் பிரிப்பார்கள். அடுத்த அலைக்கு அந்தத் துளை இருந்த இடம் தெரியாது. குன்றில் துளையிடுவது இத்தனை சாது அல்ல. எந்திரம் ஏறப் பாதை வேண்டும், நிற்கச் சமதளம் வேண்டும், குளிர்விக்க நீர் வேண்டும். அப்படியே இருந்தாலும், அரசின் நிலவியல் ஆய்வு நிறுவனம் நாட்டின் அடிநிலத்தைப் படிப்பதை நான் எதிர்க்கவில்லை. எதைக் காக்க வேண்டும் என்பதற்கும் அந்த அறிவு தேவை. சிக்கல் துளையின் அகலத்தில் இல்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் உரிமையில் இருக்கிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு ஏலத்தில் விடப்படும் கூட்டு உரிமம் என்பது ஆய்வு உரிமமும் சுரங்கக் குத்தகையும் ஒரே தாளில் சேர்ந்தது. ஏலம் எடுத்தவர் தேடிப் பார்த்து, கனிமம் இருப்பதை நிறுவிவிட்டால், குத்தகை அவருக்கு. ஆகவே தேடும் நாளிலேயே முடிவு முக்கால்வாசி எடுக்கப்பட்டுவிடுகிறது. பணம் போட்டவர் பின்னால் ‘எனக்குச் சட்டப்படி வர வேண்டியது’ என்பார். அது நியாயமாகவும் தோன்றும்.

மதுரை மேலூர் அருகே நடந்தது இதுதான். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், சமணர் சிற்பமும் தமிழி எழுத்தும் உள்ள பாறைகள், பாண்டியர் காலக் குடைவரை, லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் கூடு கட்டும் முகடுகள், குன்றிலிருந்து வடியும் நீரை வாங்கும் ஏரிகள். உள்ளாட்சிகளைக் கலந்துகொண்டே இத்தகைய தலத்தை அறிவிக்க வேண்டும் என்பது 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் விதி. கோடு அங்கே இருந்தது, முறைப்படி இருந்தது. ஆனாலும் 2,015 ஹெக்டேர் கொண்ட நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி அந்தக் கோட்டை உள்ளே விழுங்கி ஏலத்துக்குப் போனது. 2024 நவம்பர் 7 அன்று ஒரு நிறுவனம் முன்னுரிமை ஏலதாரராக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றத் தீர்மானம். அதே மாத இறுதியில், தலத்தை விட்டுவிட்டு எல்லையை மறுபரிசீலனை செய்யுமாறு சுரங்க அமைச்சகத்தின் குறிப்பு. 2025 ஜனவரி 7 அன்று மேலூரிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் நடை. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து. தொகுதிக்குள் பல்லுயிர்த் தலம் இருப்பதை மாநிலம் முன்பே தெரிவித்திருந்தது என்பது மத்திய அரசின் விளக்கத்திலேயே இருக்கிறது; பிறகு ஏன் மாநிலம் வலுவாக எதிர்க்கவில்லை என்று அவர்கள் கேட்டார்கள், நாங்கள் ஏலமே வேண்டாம் என்று எழுதினோமே என்று இவர்கள் சொன்னார்கள். யார் சொல்வது சரி என்பதைவிட எனக்கு உறுத்துவது வேறு: இரண்டு அரசுகளுக்கும் தெரிந்திருந்த ஒரு செய்தி, ஏல அறிவிப்பை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. கேட்க வேண்டும் என்று விதி இல்லாத கட்டத்தில், தெரிந்திருப்பதற்கு மதிப்பில்லை.

அடுத்த மறுப்பு கனமானது. டங்ஸ்டனுக்கு நாம் வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறோம். 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் வாகன ஆலைகள் காந்தத்துக்குத் திண்டாடின. இப்படியிருக்க விசாரணை, கருத்துக் கேட்பு என்று காலம் கடத்தலாமா? பொத்தாம்பொதுவாகக் கேட்டால் வாயடைத்துப்போகும் கேள்வி. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அவ்வளவு இல்லை. அந்தச் சீனப் பட்டியலில் டிஸ்புரோசியம், டெர்பியம் போன்ற கனவகையே பெரும்பாலும். நம் கரைகளின் மோனசைட்டோ இலகுவகை அருமண்ணில்தான் செழிப்பு. இந்தியாவில் சுமார் 1.3 கோடி டன் மோனசைட் இருப்பதாக அணுக் கனிம இயக்ககம் கணித்தே வைத்திருக்கிறது. அதில் தமிழ்நாட்டுப் பங்கு ஏறத்தாழ 25 லட்சம் டன். இருப்பது தெரியாமல் யாரும் தவிக்கவில்லை. பிரித்தெடுத்துக் காந்தமாக்கும் தொழில்தான் இங்கே குறைவு. தோரியத்துக்கும் இதே கதைதான். ஹோமி பாபா 1954இல் வகுத்த மூன்று கட்டத் திட்டத்தில் தோரியம் மூன்றாம் கட்டம். கல்பாக்கத்தில் 1996 முதல் இயங்கும் காமினி, தோரியத்திலிருந்து பிறந்த யுரேனியம்-233ஐ எரிபொருளாகக் கொண்ட உலை. அதன் திறன் 30 கிலோவாட். இரண்டாம் கட்டத்துக்கான 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையின் கட்டுமானம் 2004இல் தொடங்கியது, உலையின் உள்ளகத்தை நிரப்பத் தொடங்கியது 2024 மார்ச்சில். அதன் பொறியாளர்களை நான் குறை சொல்லவில்லை, திரவச் சோடியத்தோடு மல்லாடுவது சின்ன வேலையில்லை. ஆனால் ஓர் உலைக்கு இருபது ஆண்டு பொறுத்த நாட்டுக்கு, அதற்குப் பிந்திய கட்டத்தில் எப்போதோ தேவைப்படப்போகும் மணலைப் பற்றி ஊரைக் கேட்க ஆறு மாதம் இல்லை என்றால் நம்ப முடியவில்லை.

‘அணுக் கனிமம் ரகசியம், அதைப் பொதுக்கூட்டத்தில் வைத்துப் பேச முடியாது’ என்ற வாதம் இன்னும் பலவீனமானது. அதை அணுசக்தித் துறையின் வரலாறே மறுக்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் முறையில் ஓர் உலைக்கு இடத்தேர்வுக்கு ஓர் அனுமதி, கட்டுமானத்துக்கு ஒன்று, தொடங்கி வைக்க ஒன்று, இயக்க ஒன்று, கடைசியில் மூடவும் ஒன்று. நிலநடுக்கம், புயல், கடல் மட்டம், காற்றின் திசை, சுற்றியுள்ள ஊர்களின் மக்கள்தொகை, குடிநீர் எல்லாவற்றையும் முதல் படியிலேயே கேட்கிறார்கள். கான்கிரீட் விழுந்த பிறகு கேட்டுப் பயனில்லை என்பது அணுப் பொறியாளர்களுக்கு அரிச்சுவடி. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்தபோது, அப்போதுதான் வேலை தொடங்கியிருந்த ஈனுலையின் அடித்தளக் குழி நீரில் மூழ்கியது. இடத்தைப் பற்றிய கேள்வி எவ்வளவு முக்கியம் என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்த உலைக்கு 2001இல் பொது விசாரணையும் நடந்தது. எதிர்ப்பாளர்கள் வந்தார்கள், பேசினார்கள், கடுமையாகவே பேசினார்கள். உலை கட்டப்பட்டது. கூடங்குளத்தின் கூடுதல் உலைகளுக்கு 2007இல் நடந்ததும் அப்படியே. விசாரணை வைத்தால் திட்டம் செத்துப்போகும் என்பதற்கு இவை உதாரணமாகாது. அந்தக் கூட்டங்கள் குறையற்றவை என்றும் நான் சொல்ல வரவில்லை. முடிவெடுத்துவிட்டுச் சடங்குக்குக் கூட்டுவது இந்த நாட்டில் வழக்கம்தான். ஆனால் இன்றைய நிலையில் அணு உலைக்கு ஊரைக் கேட்க வேண்டும், அந்த உலைக்கான தாதுவை எடுக்கக் கேட்க வேண்டாம். இந்த முரணை எந்த ரகசியமும் நியாயப்படுத்தாது.

ஊராருக்குக் கனிமத்தைப் பற்றி என்ன தெரியும் என்பார்கள். கனிமத்தைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். நிலத்தைப் பற்றித் தெரியும். இந்தச் செங்கல்பட்டுச் சீமையிலேயே அதற்குப் பழைய சான்று உண்டு. வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் தங்கள் வயலுக்கு உரம் என்று சொல்லி, ஊரார் 1790களில் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸிடம் போய்ச் சுடக்கூடாதென்று கவுல் (எழுத்து உறுதி) வாங்கினார்கள். பறவையியல் நூலோ காட்டுயிர்ச் சட்டமோ இல்லாத காலம். 1936இல் அதைச் சரணாலயமாக்கிய அரசும், பின்னால் வந்த சட்டங்களும், அந்த ஊர் போட்ட கோட்டின்மேல்தான் மை பூசின. சுற்றியுள்ள 5 கிலோமீட்டரைச் சுருக்கும் யோசனை 2020இல் எழுந்தபோது இந்தப் பக்கத்திலிருந்தும் எதிர்ப்புக் குரல் வந்தது.

கேட்காமல் விட்டதற்கு என்ன விலை என்று தெற்குக் கரை ஏற்கெனவே பார்த்துவிட்டது. இலுமனைட்டும் கார்னெட்டும் தனியார் கைக்குப் போன பிறகு எவ்வளவு மணல் போனது, அதில் எவ்வளவு மோனசைட் என்ற கேள்வி 2013இல் தூத்துக்குடியில் வெடித்து, தமிழ்நாடு முழுவதும் தாது மணல் அள்ளத் தடை வந்தது. 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டு, 5,832 கோடி ரூபாயை வசூலிக்கும் அரசின் நடவடிக்கையையும் சரியென்றது. இப்போது கிள்ளியூர் வட்டாரத்துக் கரையில் 1,144 ஹெக்டேரில் மோனசைட் எடுக்கும் பொதுத்துறைத் திட்டம் நிற்கிறது. 2024 அக்டோபர் 1 அன்று நடக்கவிருந்த விசாரணை எதிர்ப்பால் தள்ளிப்போனது. மறு ஆண்டு வந்த குறிப்பாணையோ இத்தகைய விசாரணைக்கான அவசியத்தையே எடுத்துவிட்டது.

செய்ய வேண்டியது பெரிய புதுச் சட்டம் அல்ல. 1994 அறிவிக்கையின் அந்த ஒரு வரியைத் திரும்பக் கொண்டுவந்து, காப்புக்காடு, பல்லுயிர்த் தலம், கடலோர மண்டலம், நினைவுச்சின்னச் சுற்றுவட்டம் ஆகியவற்றுக்குப் பரப்பளவு வரம்பில்லாமல் பொருத்தினால் போதும். கூட்டு உரிமத்தை இத்தகைய நிலங்களில் மட்டும் இரண்டாகப் பிரித்தால் போதும். அதுவரை அரிட்டாபட்டியின் வெற்றிக்குக் கூட அரை உயிர்தான். ஏலம் ரத்தாகிவிட்டது, பல்லுயிர்ச் சட்டத்தின் கோடு 193 ஹெக்டேரில் நிற்கிறது. அதற்கு வெளியே அந்தத் தொகுதியில் இருந்த மீதி 1,800 ஹெக்டேருக்கு மேல், ஏரிகளும் நஞ்சையும் ஊர்களும் அடங்கிய பகுதி, பழைய வரைபடத்தில் அப்படியே இருக்கிறது.